மரபணு ஊழ் அன்று

சர்க்கரை நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'எல்லாம் மரபணு' என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஊழ் அமர்ந்திருந்த இருக்கையில் மரபணு வந்து அமர்ந்துகொண்டது போலும். அச்சொல்லுக்குள் 'மரபு' இருப்பதும் ஒரு காரணமாகலாம்.

பீமா என்னும் அமெரிக்கத் தொல்குடியினரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அவர்களுள் ஒரு பிரிவினர் அரிசோனாவிலும், மரபணு வகையில் அவர்களுக்கு நெருங்கிய மற்றொரு பிரிவினர் மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஆய்வின்படி, சர்க்கரை நோய் அரிசோனாப் பிரிவினரில் 38 விழுக்காடு. மெக்சிகோப் பிரிவினரில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. பின்னவர் மக்காச்சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் உண்டு, உடலுழைப்பால் வாழ்ந்தவர்கள். முன்னவரும் ஒரு காலத்தில் கீலா ஆற்றுப் பாசனத்தில் பயிரிட்ட உழவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்புறம் குடியேறிய வெள்ளையர் நீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன. அரசு வழங்கிய வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் உணவாயின.

1962இல் ஜேம்ஸ் நீல் என்னும் மரபியலாளர் 'சிக்கன மரபணு' என்ற கருதுகோளை முன்வைத்தார். பஞ்சத்தைத் தாங்கும்பொருட்டுக் கொழுப்பைச் சேமிக்கப் பழகிய உடல், வளமான காலத்தில் நோயுறுகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் பீமா மக்களே அதற்கு எடுத்துக்காட்டாயினர். நோய்க்கு இசைவான மரபுக்கூறு அவர்களிடம் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீரைப் பறித்தவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவரின் குருதியில் குற்றம் தேடுவது எனக்கு ஏற்புடையதன்று.

மரபணு கல்லெழுத்தும் அன்று. நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்கையில் பியூட்டிரேட் என்ற பொருள் உண்டாகிறது. டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் பிடியை அது தளரவைப்பதால், எந்த மரபணு செயற்படும், எது உறங்கும் என்பதே மாறக்கூடும். பிட்ஸ்பர்க் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கச் சிற்றூரினர் 20 பேரும் தம் உணவுகளை மாற்றி உண்ட ஆய்வு 2015இல் வெளியாயிற்று. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்காயிற்று. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய ஆப்பிரிக்கரிடம் பாதியாயிற்று. குடற்புற்று அபாயத்தைக் காட்டும் குறிகளும் அவ்வாறே இடம் மாறின. இத்தனைக்கும் ஆன காலம் இரண்டே வாரங்கள்!

அரிசோனாவின் கீலா ஆற்றுச் சமூகத்தினருக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீருரிமையை மீட்டுத் தந்தது. முன்னோர் விளைவித்த டெப்பரி அவரையை அந்நிலத்தில் மீண்டும் பயிரிடுவோர் இன்று உளர்.