காணாமல் போன ‘அட!’

தாஜ்மஹாலை நேர்ல பார்த்துட்டு, "அவ்ளோதானா? கிளம்பலாமா?"ன்னு கேட்ட ஆசாமி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இப்போ தெரிஞ்சுக்கோங்க. வணக்கம்! மூணாவது வருஷம், ஈ.சி.ஈ., சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

அடிக்க வராதீங்க பாஸ், என் கதையைக் கேளுங்க. எங்க அப்பாவுக்கு ரயில்வேயில வேலை. அந்த வேலையோட குடும்பத்துக்கு இலவச பாஸும் வரும். அந்தப் புண்ணியத்துல ப்ளஸ் டூ முடிக்கறதுக்குள்ளயே கன்னியாகுமரியில இருந்து ஜம்மு வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சாச்சு. ஹவுரா பாலம், அமிர்தசரஸ் பொற்கோயில், ஜெய்ப்பூர் ஹவா மஹால், பூரி கடற்கரை... காலேஜ் சேர்ந்ததும் சிம்போசியம், கல்ச்சுரல்ஸ்னு இன்னும் கொஞ்சம் ஊர் சேர்ந்துச்சு. ஹாஸ்டல்ல எனக்குப் பேரே ‘டைம்டேபிள்’. எந்த ரயில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குன்னு பசங்க என்கிட்டதான் கேப்பாங்க.

ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஏழு வயசுல கிருஷ்ணா நதிப் பாலத்துல ரயில் ஏறினப்போ, ஜன்னல் கம்பியில மூக்கை வச்சு அழுத்தினதுல கோடு விழுந்துச்சு. பதினெட்டு வயசுல ராஜமுந்திரி கிட்ட லோயர் பர்த்காரர் எழுப்பி, "தம்பி, கோதாவரி பாரு"ன்னார். "தெரியும் அங்கிள்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேன். எந்த அருவியைப் பார்த்தாலும் குற்றாலம் மாதிரி இருந்துச்சு, எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் போன வருஷம் பார்த்த கோட்டை மாதிரி இருந்துச்சு. எதுவுமே அதுவா இல்லை, எல்லாமே இன்னொண்ணு ‘மாதிரி’ ஆயிடுச்சு. நிறைய ஊர் சுத்தின ஆளுங்ககிட்ட பேசிப் பாருங்க. வாக்கியத்துக்கு ஒரு ‘மாதிரி’ வரும். அதுதான் இந்த வியாதியோட முதல் அறிகுறி.

இது மனசு சம்பந்தப்பட்ட மேட்டர் மட்டும் இல்லைங்க, நம்ம உடம்போட டிசைனே அப்படித்தான். சந்தேகம்னா ஒரு வெள்ளைத் தாள்ல நடுவுல ஒரு புள்ளி வச்சு, கொஞ்சம் தள்ளி வெளிறின கலர்ல ஒரு வட்டம் பூசுங்க. கண்ணை அசைக்காம புள்ளியையே முறைச்சுப் பாருங்க. கொஞ்ச நேரத்துல அந்த வட்டம் மங்கி காணாமப் போகும். 1804-லயே ட்ராக்ஸ்லர்னு ஒரு சுவிஸ் டாக்டர் எழுதி வச்ச விஷயம் இது. மாறாம இருக்கறதை மூளை கண்டுக்காது. எங்க டிபார்ட்மென்ட் பாஷையில சொன்னா, கெபாசிட்டர் டி.சி.யைத் தடுத்துட்டு மாற்றத்தை மட்டும் உள்ள விடற மாதிரி. (பார்த்தீங்களா, எனக்கும் ‘மாதிரி’ வந்துடுச்சு!)

இதுக்கு நம்ம பசங்க சொல்ற வைத்தியம், இன்னும் தூரமா போறது. ஊட்டி போரடிச்சா மணாலி, மணாலி போரடிச்சா லடாக், அதுக்கு புல்லட், அந்த புல்லட்டுக்கு ஈ.எம்.ஐ. மருந்து வேலை செய்யலைன்னு டோஸை மட்டும் ஏத்திக்கிட்டே போனா எப்படி? எனக்கு இதுல சுத்தமா நம்பிக்கை இல்லை. என்னைக் குணப்படுத்தினவர் தினமும் ஒரே ஆறு கிலோமீட்டர்ல நடக்கற ஆள்.

அப்பா வேலையைப் பத்தி சொல்லிடறேன். கீமேன்னா தண்டவாளத்தை நடந்தே செக் பண்றவர். கையில ஒரு சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துன்னா தண்டவாளத்துல வைக்கிற டெட்டனேட்டர் வெடி. போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது இன்னொண்ணு. கழண்ட கிளிப்பைத் தட்டி இறுக்கணும், விரிசல் இருக்கான்னு பார்க்கணும். மழை, வெயில், தீபாவளி, பொங்கல், எல்லா நாளும் அதே தூரம். பாஸ் அவர் பேர்ல வரும், பயணம் மட்டும் அம்மா, அக்கா, நான். அவருக்கு லீவு கிடைக்காது. கிடைச்சாலும், "நான் பாக்காத ரயிலாலே?"ன்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்துடுவார்.

போன ஆனி மாசம் மும்பையில மாமா பொண்ணு கல்யாணம். தப்பிக்க முடியாம அப்பாவும் வந்தார். திருவனந்தபுரத்துல நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ஏறினோம். கொங்கண் ரூட். 1998-ல முழுசாத் திறந்த பாதை, 90-க்கும் மேல சுரங்கம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. எனக்கு இது நாலாவது தடவை. அப்பர் பர்த், இயர்போன், தூக்கம்னு திட்டம் ரெடி.

மறுநாள் பகல்ல அப்பா காலைத் தட்டி எழுப்பினார். "ஏலே, கீழ வாயேன். கல்லைப் பாரு."

எட்டிப் பார்த்தேன். வெளியில மழையில நனைஞ்ச மலை, மேகம், பள்ளத்துல ஏதோ ஆறு. இவர் காட்டினது ஸ்டேஷன்ல பக்கத்து லைன்ல கொட்டிக் கிடந்த ஜல்லி!

"அது எதுக்குக் கெடக்கு, சொல்லு."

"குலுங்காம இருக்கறதுக்கு."

"அது சரிதாம்ல. ஆனா அந்தக் கல்லு இல்லைன்னா வெயில்ல தண்டவாளம் பாம்பா நெளிஞ்சிரும்."

நமக்குத்தான் இன்ஜினீயரிங் திமிர் இருக்கே... போன்ல கணக்கு போட்டேன். பழைய பாதையில 13 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட், நடுவுல சின்ன இடைவெளி. அந்த ‘தடக் தடக்’ சத்தமே அங்க இருந்துதான் வரும். இப்போ கிலோமீட்டர் கணக்குல ஒரே துண்டா வெல்டு பண்றாங்க, இடைவெளி கிடையாது. ஸ்டீல் ஒரு டிகிரி சூடானா மீட்டருக்கு சுமார் 0.0115 மில்லிமீட்டர் நீளும். 30 டிகிரி ஏறினா ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 34 சென்டிமீட்டர் நீளணும், ஒரு அடிக்கும் மேல! ஆனா நீள விடறது இல்லை. கிளிப் தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கு, ஸ்லீப்பர் கிளிப்பைப் பிடிச்சிருக்கு, ஸ்லீப்பரை அந்த ஜல்லி பிடிச்சிருக்கு. நீள முடியாம உள்ளயே அடங்கிக் கிடக்கற விசை எவ்வளவுன்னு பார்த்தேன். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம்னா, ஒண்ணுக்கு 50 டன்னுக்கும் மேல. மூணு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்துச்சு. உச்சி வெயில்ல பிளாட்பாரத்துல நின்னு டீ குடிக்கறோமே, பக்கத்துல சத்தமே இல்லாம இவ்வளவு பெரிய மல்யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கு. நடுவர் யாரு? கருங்கல் ஜல்லி!

"அட!"ன்னு சொன்னேன். சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது, இதைச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுன்னு.

"வெயில்ல நெளியும்னா, குளிர்ல?"ன்னு கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் வெளியிலயே பார்த்துக்கிட்டு இருந்தார். "குளிர்ல சுருங்க முடியாம இழுத்துக்கிட்டு நிக்கும். வெல்டு சரியில்லைன்னா விட்டுரும்"னார். அப்புறம், ஏதோ காய்கறி விலை சொல்ற தோரணையில ஒரு விஷயம் சொன்னார். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மார்கழி விடிகாலை. தண்டவாளத்துல விரல் நுழையற இடைவெளி. வண்டி வர்ற நேரம். ஃபோன்ல சொல்லிட்டு அந்தத் திசையில ஓடியிருக்கார். 600 மீட்டர் தள்ளி ஒரு வெடி, 1,200 மீட்டர் தள்ளி மூணு வெடி வைக்கணும்கறது விதி. வச்சார். வண்டி நின்னுடுச்சு.

"வீட்டுல சொல்லவே இல்லையேப்பா?"

"என்னத்தைச் சொல்ல... வண்டி நின்னுட்டுல்லா."

அன்னைக்கு சாயந்தரம் நான் வீட்டுல என்ன பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரலை. அடுத்த லீவுக்கு பாஸ்ல எந்த ஊர்னு அம்மாவோட சண்டை போட்டிருக்கலாம்.

அதுக்கப்புறம் நான் மேல ஏறிப் படுக்கலை. கொங்கண்ல மழைக்காலம் வந்தா டைம்டேபிளே மாறும், வேகத்தைக் குறைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ‘லேட் பண்றாங்கப்பா’ன்னு திட்டியும் இருக்கேன். 2003 ஜூன்ல இதே பாதையில பாறை சரிஞ்சு ரயில் தடம் புரண்டு 50 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அப்புறம்தான் மலைச் சரிவை வெட்டிச் சீராக்கறது, வலை கட்டறதுன்னு வேலை தீவிரமாச்சு. அப்பா ஒவ்வொரு வலையா காட்டிக்கிட்டே வந்தார். ரத்னகிரி பக்கத்துல பன்வல் நதிப் பாலம், 60 மீட்டருக்கும் மேல உயரம், கீழ தென்னை மரம் எல்லாம் கொத்தமல்லிக் கட்டா தெரியும். அதையும் பார்த்தோம். ஆனா எனக்கு மனசுல நிக்கறது வேற. ஒரு சுரங்க வாசல்ல ரெயின்கோட் போட்ட ஒருத்தர் பச்சைக் கொடியோட மழையில தனியா நின்னுக்கிட்டு இருந்தார். அப்பா கம்பி வழியா கையை நீட்டி ஆட்டினார். ரெண்டு செகண்டுதான். அவரும் கையைத் தூக்கினார். மராத்தியும் தெரியாது, கொங்கணியும் தெரியாது, ஆனாலும் அப்பா முகத்துல ஏதோ சொந்தக்காரரைப் பார்த்துட்ட சிரிப்பு.

மும்பையில கல்யாணம் நல்லா நடந்துச்சு, பந்தியில அவியல் சுமார்தான். மறுநாள் கேட்வே ஆஃப் இந்தியா கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் செல்ஃபி எடுக்க, அப்பா கேட்டது ஒரே கேள்வி: "இதை யாருலே தினம் பாத்துக்கிடுதா?" சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்லயும் அதே கேள்வி. அவ்வளவு உயரத்துல இருக்கற கல் சிற்பத்துல அரசஞ்செடி முளைச்சா யாரு ஏறிப் பிடுங்குவா? எனக்கு பதில் தெரியலை. ஆனா அண்ணாந்து பத்து நிமிஷம் பார்த்தேன். இதுக்கு முன்னாடி அதே கட்டடத்துக்கு நான் ஒதுக்கினது ஒரு போட்டோ நேரம்.

கேள்வியைத் திருடிக்கிட்டேன். ஆகஸ்ட்ல ஃப்ரெண்ட்ஸோட தஞ்சாவூர் பெரிய கோயில். எனக்கு எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்லை. வழக்கம்போல ஒருத்தர் ‘விமானத்தோட நிழல் தரையில விழாது’ன்னு ஆரம்பிச்சார். விழுதுங்க, நல்லா நீளமாவே விழுது, நாங்க அதுலதான் உட்கார்ந்திருந்தோம். எங்ககூட வந்த ஹிஸ்டரி படிக்கிற தோழிகிட்ட, "இதை அந்தக் காலத்துல யாரு பாத்துக்கிட்டாங்க?"ன்னு கேட்டேன். கோயில் சுவர்க் கல்வெட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனா. பதில் ஆயிரம் வருஷமா அங்கயே எழுதியிருக்கு! ராஜராஜன் காலத்துல வெட்டின பட்டியல். 400 ஆடல் பெண்கள், ஒவ்வொருத்தர் பேரு, எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தாங்க, எந்தத் தெருவுல எந்தப் பக்கம் எத்தனாவது வீடு, ஆளுக்கு 100 கலம் நெல். அதோட விடலை. விளக்கு ஏத்தறவங்க, தண்ணி தெளிக்கறவங்க, குடை பிடிக்கறவங்க, குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர்... சம்பளக் கணக்கோட முழு மெயின்டனன்ஸ் லிஸ்ட். அப்பாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "நல்ல ஏற்பாடு"ன்னு பதில் வந்துச்சு.

போன வாரம் ஃபோன்ல கேட்டார்: "ஏலே, ஊட்டி ரயில்ல நடுவுல பல்லு வச்ச தண்டவாளம் இருக்காம்ல? நீ பாத்திருக்கியா?"

மேட்டுப்பாளையம் – குன்னூர், 1899-ல ஓட ஆரம்பிச்ச பாதை. 12 அடி போனா ஒரு அடி ஏறற சரிவு. சக்கரம் வழுக்கும்கறதால இன்ஜினோட பல் சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக்கிட்டு ஏறும். ரெண்டு தடவை போயிருக்கேன். போன்ல தேடிப் பார்த்தேன், 140 போட்டோ இருக்கு. தேயிலைத் தோட்டம், குரங்கு, என் மூஞ்சி. ஒண்ணுலகூட அந்தத் தண்டவாளம் இல்லை.

ஆயுத பூஜை லீவுக்கு டிக்கெட் கிடைக்குமான்னு பார்த்துக்கிட்டு இருக்கோம். அப்பா லீவு லெட்டர் கொடுத்துட்டாராம்.