கைக்கு உகந்த சுட்டி

பேனாவுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நம் எழுத்தாளர், கணினியின் சுட்டிக்குச் செலவிடுவதை மட்டும் ஆடம்பரம் என்பர். இக்கருத்து எனக்கு உடன்பாடன்று.

1964ஆம் ஆண்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணியபடி பில் இங்கிலிஷ் செய்து முடித்த முதற் சுட்டி, ஒற்றைப் பொத்தான் கொண்ட மரப்பெட்டியே. அன்றைக்கு அது போதும். இன்றோ நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டி மெய்ப்புப் பார்ப்போர்க்குச் சுட்டியின் உருளையே உயிர். நான் கைக்கொண்டுள்ள, 2022இல் வெளிவந்த லொஜிடெக் எம்.எக்ஸ். மாஸ்டர் 3எஸ் என்பதில் இவ்வுருளையை மின்காந்தம் ஆள்கிறது. மெல்லத் திருப்பின் படிப்படியாய் நகரும். சுண்டிவிட்டாலோ விநாடிக்கு 1000 வரிகள் ஓடும். பெருவிரலருகே இன்னோர் உருளை. அகன்ற அட்டவணைகளைப் பக்கவாட்டில் நகர்த்துவது அது. பக்கப் பொத்தான்களுக்கு நாம் விரும்பும் பணியை இடலாம். பிரதியெடுத்தலையும் ஒட்டுதலையும் என் பெருவிரலிடம் ஒப்படைத்துவிட்டேன். அழுத்தும் ஓசையும் அடங்கிவிட்டது. நள்ளிரவில் எழுதுவோரின் வீட்டார் இதற்கு நன்றி பாராட்டுவர்!

இடக்கையாளர்க்கு இது உதவாது. வளைவெல்லாம் வலக்கைக்கே வார்த்தவை. இவ்வளவு விலைக்கு விற்கும் பொருளை இரு கைக்கும் ஏற்பச் செய்திருக்க வேண்டாமா? மாணவர் கடன்பட்டு இதனை வாங்கவும் வேண்டா. வாரத்துக்கு இரு கடிதம் எழுதுவோர்க்கு மலிவான சுட்டியே தாராளம். ஆனால், நாளெல்லாம் கணினிமுன் அமர்ந்து பத்திரிகைக்கும் பாடநூலுக்கும் உழைப்பவர் தேய்ந்த உருளையோடு மாரடிப்பதைச் சிக்கனம் என்று நான் ஒப்பேன். அவர்க்கு நல்ல சுட்டியொன்றை அலுவலகமே வாங்கித் தருதல் முறை.