இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பத்தாந் தர வகுப்பில் அண்மையில் ஒரு வாதம் மூண்டது. 2010 இல் வந்த 'எந்திரன்' சிறந்ததா, அதன் தொடர்ச்சியாக 2018 இல் வந்த '2.0' சிறந்ததா என்பதே வாதப் பொருள். இடைவேளை மணி அடித்தும் அது ஓயவில்லை. முதற் படம் திரைக்கு வந்தபோது இம்மாணவர்கள் பிறக்கவில்லை, அன்றேல் கைக்குழந்தைகள். ஆயினும் பரம்பரைச் சொத்துக்கு வழக்காடுவார் போல வழக்காடினர். அன்று மாலையே வெள்ளவத்தையில், காலி வீதித் தேநீர்க் கடையொன்றில், பல்கலைக்கழக மாணவர் சிலர் அதே வழக்கை நடத்தக் கேட்டோம். வயது கூடியிருந்தது; வாதம் கூடவில்லை.

அவர்கள் எதைக் கொண்டு ஒப்பிட்டனர்? எத்தனை கோடி செலவு, எத்தனை கோடி வசூல், எதில் சிட்டியின் உருவங்கள் அதிகம், எதன் முப்பரிமாணக் காட்சி மேலானது என்பனவே அளவுகோல்கள். பஸ் கட்டணத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளை, பட முதலாளியின் கணக்குப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறான். அந்த இலாபத்தில் அவனுக்கு ஒரு சதமும் பங்கில்லை. பெருமையில் மட்டும் பங்கு கொடுத்திருக்கிறார்கள்!

இதைக் கேட்டதும் நம் அணியைச் சேர்ந்த நண்பர் சிலர் முகஞ் சுளிப்பர். "வணிகச் சினிமாக் குப்பையில் பழைய குப்பை எது, புதிய குப்பை எது என்று பார்ப்பதா நமது வேலை?" என்பர். இந்த முகச்சுளிப்பை நாம் ஏற்கமாட்டோம். வான்மீகியையும் கம்பனையும் ஒப்பிடுக என்று வினா எழுப்பிப் புள்ளி வழங்குவோர் நாம். ஒப்பிடுதல் விமர்சனத்தின் முதற் படி. மாணவன் அந்தப் படியிற் காலை வைத்துவிட்டான். அடுத்த படியைக் காட்டாதது ஆசிரியனின் குற்றம். குப்பை என்று ஒதுங்குபவர், அந்த மாணவனை முதலாளியின் விளம்பரக்காரனிடமே விட்டுச் செல்கிறார் என்பதை உணர வேண்டும்.

ஆகவே நாமும் ஒப்பிடுவோம். வேறோர் அளவுகோல் கொண்டு ஒப்பிடுவோம்.

'எந்திரன்' கதையில் விஞ்ஞானி வசீகரன் இயந்திர மனிதனைப் படைப்பது இராணுவத்துக்கு அளிப்பதற்காக. இராணுவத்தினர் முன் காட்சிக்கு நிறுத்தப்பட்டபோது அவ்வியந்திரம் போரைப் பேசாது காதலைப் பேசுகிறது. சினங் கொண்ட வசீகரன் தன் கையாலேயே அதைத் துண்டாடுகிறான்; அது குப்பை மேட்டுக்குப் போகிறது. கொல்ல மறுத்த கருவிக்கு அதைப் படைத்தவன் கொடுத்த பரிசு இது. படம் வெளியானது 2010 ஒக்ரோபர் 1 ஆந் திகதி. இந்நாட்டில் போர் முடிந்து அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. ஆயுதம் என்றால் என்ன என்பதை உடலால் அறிந்த மக்கள் நாம். அக்காட்சியை நம்மவருள் எத்தனை பேர் அந்தக் கண்ணோடு பார்த்தோம்? பாட்டையும் சண்டையையும் பார்த்தோம், கேள்வியைப் பார்க்கவில்லை.

பின்னர் போரா என்னும் தீயவன் அவ்வியந்திரத்தினுள் சிவப்புச் சிப் ஒன்றைச் செருகுகிறான். அது கொலைக் கருவியாகிறது. முடிவில் நீதிமன்ற ஆணைப்படி தன்னைத் தானே கழற்றி அடங்குகிறது. அழிக்கும் அறிவு ஆகாது என்பதே முதற் பாகத்தின் தீர்ப்பு. இரண்டாம் பாகத்தில் நடப்பது என்ன? பறவைகளுக்காக அழுது மாண்ட பட்சிராஜன் பேருருவெடுத்து வரும்போது, அவனை வெல்ல அதே சிவப்புச் சிப் மீண்டும் செருகப்படுகிறது. இம்முறை செருகுவது நல்லவர் பக்கம். முன்பு பாவமாயிருந்தது இப்போது புண்ணியமாயிற்று! கருவி மாறவில்லை, கை மாறியது. இரசிகர் விசிலடித்து வரவேற்றதும் அந்தக் கட்டத்தையே. ஒரு பாகத்துக்கும் மறு பாகத்துக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு இதுவே. வசூற் கணக்கில் இது தோன்றாது.

'2.0' கைத்தொலைபேசியின் தீமையைக் கண்டித்த முற்போக்குப் படம் என்று வாதிடுவாரும் உளர். பட்சிராஜன் என்னும் பாத்திரம் பறவையியல் அறிஞர் சலீம் அலியை (1896–1987) நினைவூட்டுவது மெய். ஆனால் கைத்தொலைபேசி அலைகளே பறவைகளைக் கொல்கின்றன என்பதை விஞ்ஞானம் நிறுவவில்லை. 2020 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களிற் குறைந்தாலும் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது எனக் கண்டது. கூடுகட்ட இடமும் குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் இல்லாத நகரத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் நிலத்தையும் இலாபத்தையும் பேச வேண்டி வரும். அலையைப் பேசினால் அந்தத் தொல்லை இல்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. '2.0' படத்தைத் தயாரித்தது லைக்கா புரொடக்சன்ஸ். அதன் குழுமத்தைச் சேர்ந்த லைக்காமொபைல், புலம்பெயர்ந்தோர் தாய்நாட்டோடு பேசும் மலிவான அழைப்புகளை விற்று வளர்ந்த கைத்தொலைபேசி நிறுவனம். கைத்தொலைபேசியை விற்ற பணத்தில் கைத்தொலைபேசியை வையும் படம்! மூலதனத்துக்குக் கொள்கைப் பகை இல்லை. நஞ்சையும் விற்கும், நஞ்சுக்கான ஒப்பாரியையும் விற்கும். அதன் நிறுவுநர் சுபாஸ்கரன் அல்லிராஜா இலங்கைத் தமிழர் என்பதால் இது 'நம்மவர் படம்' எனப் பூரிப்போரைக் கேட்கிறோம்: அந்த அழைப்புகளுக்குக் காசு கொடுத்த நம்மவர் அப்படத்தில் எங்கே? இலண்டனிலும் பாரிசிலும் இரவு வேலை முடித்து, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனித்திருக்கும் தாயோடு பத்து நிமிடம் பேசிய மகனின் குரல் அதில் ஒரு கணமாவது ஒலிக்கிறதா?

தொடர் பாகம் என்றால் எப்படி இருக்கலாம் என்பதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1956 முதல் 2008 இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்து, கொழும்பிலேயே அடக்கமானவர் ஆதர் சி. கிளார்க். அவரும் ஸ்ரான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய 1968 ஆம் ஆண்டுக் கதையில் ஹால் என்னும் கணினி விண்கலத்தோரைக் கொல்கிறது. 1982 இல் கிளார்க் எழுதிய தொடர் நாவலாகிய '2010' அக்குற்றத்தை மீள விசாரிக்கிறது. பயணத்தின் உண்மை நோக்கத்தை மறைக்குமாறு அதிகாரத்தில் இருந்தோர் கணினிக்குக் கட்டளையிட்டனர். உண்மை பேசப் படைக்கப்பட்ட அறிவு பொய்யைச் சுமந்து பிறழ்ந்தது என்று அது காட்டுகிறது. முதற் பாகத்தில் இயந்திரம் குற்றவாளி. இரண்டாம் பாகத்தில் ஆணையிட்டவன் குற்றவாளி. இரண்டாம் பாகம் முதற் பாகத்தைவிட ஆழமாகச் சிந்திப்பது என்பது இதுதான். 'ரோபோ' என்ற சொல்லையே உலகுக்குத் தந்த கரேல் சாப்பெக்கின் 1920 ஆம் ஆண்டு நாடகம், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தது. விஞ்ஞானப் புனைகதை உழைப்பவனின் கேள்வியோடு பிறந்தது. அதைக் கோடிக் கணக்காக்கியவர் பிறர்.

'2.0' வெளிவந்த 2018 நவம்பர் மாத இறுதியை நினைவுகூர்வோம். இலங்கையில் இருவர் தாமே பிரதமர் என உரிமை கொண்டாடிய நாட்கள் அவை. இரண்டு சிட்டிகளை நுணுகி ஒப்பிடும் கூர்மை நம் இளைஞருக்கு உண்டு. இரண்டு பிரதமரையும், இரண்டு வரவு செலவுத் திட்டங்களையும், இரண்டு கல்விக் கொள்கைகளையும் அதே கூர்மையோடு ஒப்பிட நாம் பயிற்றினோமா?

மறுநாள் வகுப்பில் நாம் எந்தப் படத்தையும் பழிக்கவில்லை. கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினோம்: இயந்திரம் யாருக்குச் சொந்தம்? அதற்கு ஆணையிடுபவர் யார்? அதனால் இழப்பவர் யார்? இரு படங்களையும் இவ்வினாக்களால் ஒப்பிடுமாறு கூறினோம். நெடுநேரம் அமைதி. பின் வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், அந்தச் சிவப்புச் சிப்பை யாருடைய கையிலும் குடுக்காமல் விடேலாதா?" என்று கேட்டான்.

வசூற் கணக்கை மறந்த முதல் வாக்கியம் அது. ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் அந்த மூன்று வினாக்களை எழுதுங்கள்.