ரோடு மேப்பில் முழு மார்க், ரோட்டில் முட்டை மார்க்!



பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ‘ரோடு மேப்’ என்று ஒரு கேள்வி வரும். ஒரு படத்தைக் கொடுத்து, வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். ‘கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்’ என்று மூன்று நான்கு வரி எழுதினால் 2 மார்க். காலாண்டுத் தேர்வில் எனக்கு இரண்டுக்கு இரண்டு!

அடுத்த வாரமே நிஜப் பரீட்சை வந்தது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள நம் ஊர்க் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள் அல்லவா? அன்று நான் கோயிலுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் தேங்காய்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் வயசுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. பாட்டிக்கு மயக்கமாக இருக்கிறது, ‘பார்மசி’ எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாள். நமக்கு அது ‘மெடிக்கல்’ தானே! நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கையை நீட்டிக் காட்டக்கூடத் தோன்றவில்லை. வாயடைத்துப் போய் நின்றேன்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று எழுந்தார். “மெடிக்கலா? கம் கம், திஸ் சைடு” என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். “பார்மசின்னா மெடிக்கல்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டேன். “வர்றவங்க கேட்டுக் கேட்டுத் தெரியும் தம்பி. தப்போ ரைட்டோ, நானும் பதில் சொல்லிடுவேன்ல?” என்றார்.

பாட்டிக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் வெட்கம் தீரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் படிக்கிறேன். இத்தனை வருஷத்தில் சொந்தமாக எத்தனை வாக்கியம் பேசியிருப்பேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம். பாடத்தை வாசிப்பார்கள், தமிழில் அர்த்தம் சொல்வார்கள், கேள்வி பதிலைக் குறித்துத் தருவார்கள், நாம் மனப்பாடம் செய்வோம். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அத்தனை பேரை வைத்துக்கொண்டு போர்ஷனும் முடித்து, அத்தனை நோட்டும் திருத்துவது லேசான வேலையா?

பக்கத்திலே இருக்கும் தரங்கம்பாடியை நினைத்துப் பாருங்கள். 1706-இல் அங்கே ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருபது வயதைத் தாண்டியவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’, ‘ஆ’ எழுதிப் படித்தார். ஊர் மக்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். 1708-இலேயே பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அது புத்தகமாக வந்தது. அவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே என் கருத்து இதுதான்: பெல் அடிப்பதற்குள் வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும், கடைசி பெஞ்சு உட்பட, ஒரு வாக்கியமாவது சொந்தமாகப் பேசியிருக்க வேண்டும். அப்படி ஒரு பீரியடைத் திட்டமிட முடியுமா? 40 நிமிடத்துக்கு எனக்குத் தெரிந்த மட்டில் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

1. முதல் 5 நிமிடம்: பக்கத்தில் இருப்பவனிடம் நேற்று வீட்டில் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வயலில் நடவு நடந்தது, மோட்டார் ஓடவில்லை, எதுவானாலும் சரி.

2. அடுத்த 10 நிமிடம்: பாடத்தில் ஒரே ஒரு பகுதி. ஆசிரியர் வாசித்து நிறுத்தியதும், அடுத்து என்ன நடக்கும் என்று புத்தகத்தைப் பார்க்காமல் நாம் ஊகித்துச் சொல்ல வேண்டும்.

3. அடுத்த 15 நிமிடம்: நாலு பேர் கொண்ட குழு. நன்றாகப் படிப்பவர், படிக்கத் தடுமாறுபவர் கலந்து இருக்க வேண்டும். வேலை நம் ஊரிலிருந்தே வரட்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்கு ஒரு மேப் வரைந்து வழி சொல்லலாம். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கையைப் படித்து அப்பாவுக்குச் சொல்வதுபோல் நடிக்கலாம். மார்க்கண்டேயன் கதையை ஆளுக்கொரு வரியாகச் சொல்லலாம். கதை நமக்குத் தெரியும், வார்த்தையை மட்டும் தேடினால் போதும்.

4. அடுத்த 5 நிமிடம்: குழுவில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். தினமும் ஆள் மாற வேண்டும்.

5. கடைசி 5 நிமிடம்: பேசியதையே ஐந்து வரியாக நோட்டில் எழுத வேண்டும்.

“இதெல்லாம் செய்தால் போர்ஷன் எப்போது முடியும்? பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் கடைசி 5 நிமிடத்தை எழுத்துக்கு வைத்தேன். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு பீரியடு போதும். இன்னொன்று, மனப்பாடம் செய்த பதிலில் ஒரு வரி மறந்தால் முழுப் பதிலும் போச்சு. சொந்தமாகப் பேசிப் பழகியவன் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் ஏதாவது எழுதிவிடுவான்.

நண்பர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நம் வகுப்பில் ஒருவன் எழுந்து ‘ஐ கம்ஸ்’ என்று ஆரம்பித்தான். ஒரு வாரம் அவனை அதையே சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம். அதற்கப்புறம் அவன் இங்கிலீஷ் பீரியடில் எழுந்து பேசவே இல்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன். கடை வாசலில் நான் வாயடைத்து நின்றபோதுதான் அவன் ஞாபகம் வந்தது. என்னை மன்னித்துவிடு நண்பா! ஆசிரியர் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் நாம் சிரித்தால் அது பலிக்காது.

விழாமல் யாராவது சைக்கிள் கற்றதுண்டா? தப்பாகவாவது பேசுவோம். டீச்சர், திங்கட்கிழமை முதல் ஒரு பீரியடு முயற்சி செய்து பார்க்கலாமா? முதலில் எழுந்து தப்பாகப் பேச நான் தயார்!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்,
திருக்கடையூர்.