நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், இந்த இரண்டு பேரில் யார் வந்தால் நல்லது?" ஃபலஸ்தீனத்தை நினைத்துக் கேட்பவர்கள் உண்டு, அமெரிக்காவில் படிக்கும் பிள்ளையின் விசாவை நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அது கேட்கப்படும் நேரத்தில் தேர்தலின் பாதி முடிந்துபோயிருக்கும். அந்த 'இரண்டு பேர்' யார் என்பதை முடிவு செய்த வாக்குப்பதிவு பல மாதங்களுக்கு முன்பே, பனி கொட்டும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாகாணங்களில் நடந்து முடிந்திருக்கும்.

அந்த முதல் பாதியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஆனால் 2024-ல் மிச்சிகன் மாகாணத்து முஸ்லிம்கள் தங்கள் வேதனையை ஒரு வல்லரசின் அதிபருக்குக் கேட்கும்படி சொன்னது அந்த முதல் பாதியில்தான். அது எப்படி நடந்தது, அதனால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ள, முதலில் இந்த வரிசை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

வரிசை எப்படி வந்தது?

அமெரிக்காவில் கட்சித் தலைமை உட்கார்ந்து வேட்பாளரை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கட்சி ஆதரவாளர்களே வாக்களித்து, கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளைத் தீர்மானிக்கிறார்கள். சில மாகாணங்களில் இது வாக்குச்சீட்டுத் தேர்தல். அதற்கு 'பிரைமரி' என்று பெயர். சில இடங்களில் மாலை நேரத்தில் பள்ளிக்கூடம், தேவாலயம், நூலகம் போன்ற இடங்களில் ஊர்க்கூட்டம் போலக் கூடி ஆதரவைத் தெரிவிக்கிறார்கள், அது 'காகஸ்'. எல்லா மாகாணங்களும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் நாட்டின் முதல் பிரைமரியை நடத்திவருகிறது. வேறு எந்த மாகாணமும் தன்னை முந்தக் கூடாது என்று சட்டமே இயற்றி வைத்திருக்கிறது. 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியைச் சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட மாகாணம் என்று சொல்லலாம்.

அயோவாவின் கதை வேறு. 1968-ல் வியட்நாம் போர் நாட்டைப் பிளந்திருந்தது. அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. அரங்குக்கு வெளியே போர் எதிர்ப்பாளர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாதாரண வாக்காளர்களிடம் போகும்படி கட்சி விதிகளை மாற்றியது. அயோவாவில் வட்டம், மாவட்டம், மாகாணம் எனப் பல அடுக்குக் கூட்டங்கள் நடத்த வேண்டியிருந்ததால், முதல் அடுக்கை 1972 ஜனவரியிலேயே நடத்தினார்கள். அப்படி வந்து சேர்ந்ததுதான் முதலிடம். எவரும் திட்டமிட்டு அதைக் கொடுக்கவில்லை.

1976-ல் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர், அதிகம் அறியப்படாதவராக அயோவாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே அதிக ஆதரவு பெற்றது எந்த வேட்பாளருமல்ல. 'எவருக்கும் உறுதி தரவில்லை' என்ற பிரிவுதான். கார்ட்டர் அதற்கு அடுத்த இடம்தான். ஆனால் வேட்பாளர்களில் அவரே முன்னணி என்பதால் மறுநாள் செய்தி அவரைப் பற்றியதாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் அதிபர் தேர்தலில் வென்றார். அன்றிலிருந்து பெரும்பாலான வேட்பாளர்கள் அயோவாவை லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

சில ஆயிரம் பேரின் கையில்

2024 குடியரசுக் கட்சி மாநாட்டின் மொத்தப் பிரதிநிதிகள் 2,429 பேர். அவர்களில் அயோவாவின் பங்கு வெறும் 40. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பிறகு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

முதல் முடிவு வந்தவுடன் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. செய்தி ஊடகங்கள் வென்றவர் பக்கம் திரும்புகின்றன. நன்கொடையாளர்கள் தோற்றவருக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்துகிறார்கள். பணமும் செய்தியும் இல்லாதவர் போட்டியிலிருந்து விலகுகிறார். பிந்தைய மாகாணத்து வாக்காளர் வாக்குச்சாவடிக்கு வரும்போது அவர் விரும்பிய பெயர் களத்திலேயே இருப்பதில்லை. 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று நம் முன்னோர் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்.

2024 ஜனவரி 15 அன்று கடும் குளிரில் அயோவாவில் குடியரசுக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். டிரம்ப் 51 சதவீதம் பெற்றார். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி நான்காம் இடம் பெற்று அன்று இரவே விலகினார். இரண்டாம் இடம் பெற்ற ஃபுளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் ஆறு நாட்களில் விலகினார். 33 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில், நம் ஊர் நகராட்சி ஒன்றின் மக்கள்தொகை அளவுக்கு வந்தவர்கள் களத்தைக் காலி செய்துவிட்டார்கள். முதல் வாக்குக்கு முன்பே நிழல் விழுவதும் உண்டு. துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகள் கமலா ஹாரிஸ், 2019 டிசம்பரிலேயே, அயோவாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, பணம் இல்லை என்று விலகினார்.

பிரையன் நைட், நேதன் ஷிஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2004-ல் நடந்த ஜனநாயகக் கட்சிப் போட்டியை ஆராய்ந்தார்கள். முதலில் வாக்களித்தவர்களின் செல்வாக்கு, கடைசியில் வாக்களித்தவர்களின் செல்வாக்கைவிட ஐந்து மடங்குவரை அதிகம் என்பது அவர்களின் கணிப்பு. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது உண்மை. எல்லா வாக்குக்கும் ஒரே எடை என்பது உண்மையல்ல.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சிறிய மாகாணம் என்பதால் பணமில்லாத வேட்பாளரும் வீடு வீடாகப் போய் மக்களைச் சந்திக்கலாம். வாக்காளர் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். 2008-ல் பராக் ஒபாமா அயோவாவில் வென்றபோது, வெள்ளையர்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணமே ஒரு கறுப்பினத்தவரை ஏற்றுக்கொண்டது என்ற செய்தி மற்ற மாகாணங்களுக்கும் நம்பிக்கை கொடுத்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்திருந்தால், பெயரும் பணமும் உள்ளவரே வென்றிருக்கக்கூடும்.

மேடைப் பேச்சு சட்டமாகிறது

முதல் மாகாணங்களைத் திருப்திப்படுத்தச் சொல்லப்படும் வார்த்தை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அயோவா சோளம் விளையும் பூமி. சோளத்திலிருந்து எத்தனால் எரிபொருள் தயாரிப்பதில் அதுவே முதலிடம். அதனால் இரு கட்சி வேட்பாளர்களும் எத்தனாலைப் புகழ்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

நமக்கு நேரடியாக வலித்த உதாரணமும் உண்டு. 2015 டிசம்பர் 7 அன்று, முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்று டிரம்ப் பேசினார். பேசிய இடம் தெற்கு கரோலினா. முன்கூட்டியே வாக்களிக்கும் மாகாணங்களில் அதுவும் ஒன்று. அடுத்த பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரிலும் தெற்கு கரோலினாவிலும் அவர் வென்றார். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளில், இரு மாகாணங்களிலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தடையை ஆதரித்தது தெரிந்தது. 2017 ஜனவரியில் பதவியேற்ற ஒரு வாரத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்களுக்குத் தடை உத்தரவு வந்தது. தேர்தல் நேரத்து வெறும் பேச்சு என்று 2015-ல் பலரும் ஒதுக்கிய சொல், விமான நிலையங்களில் குடும்பங்களைப் பிரித்தது.

இத்தனைக்கும் அயோவா முஸ்லிம்களுக்கு அந்நியமான மண்ணல்ல. அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றுவரை நிற்கும் கட்டடங்களில் மிகப் பழமையானதாக அறியப்படுவது, அயோவாவின் சீடர் ராபிட்ஸ் நகரில் 1934-ல் திறக்கப்பட்டது.

வரிசை மாறியது

2020-ல் அயோவா ஜனநாயகக் கட்சியின் முடிவுகள், செயலி பழுதானதால் நாள்கணக்கில் தாமதமாயின. அதே ஆண்டு ஜோ பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம் என்று சரிந்துகிடந்தார். பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் முக்கியப் போட்டியாளர்கள் சிலர் விலகி அவரை ஆதரித்தார்கள். அதிபரான பின் பைடன் அந்த நன்றிக் கடனைத் தீர்த்தார்: 2024-க்கான ஜனநாயகக் கட்சி வரிசையில் தெற்கு கரோலினா முதலிடம் பெற்றது, மிச்சிகன் முன்வரிசைக்குக் கொண்டுவரப்பட்டது. 2020-ல் மார்ச் 10 அன்று வாக்களித்த மிச்சிகன், 2024-ல் பிப்ரவரி 27 அன்று, பல மாகாணங்கள் ஒன்றாக வாக்களிக்கும் 'சூப்பர் செவ்வாய்'க்கு ஒரு வாரம் முன்பே வாக்களித்தது. பைடன் முன்னே கொண்டுவந்த அந்த மாகாணமே அவருக்குக் கசப்பான செய்தியைச் சொல்லப்போகிறது என்று எவரும் அப்போது நினைக்கவில்லை.

மிச்சிகன் சொன்ன செய்தி

மிச்சிகனின் டியர்போர்ன் நகரம் அரபு வம்சாவளியினர் செறிந்து வாழும் ஊர். காஸாவில் குண்டுமழை தொடர்ந்த அந்தக் குளிர்காலத்தில் அங்கே உறவினரை இழந்த குடும்பங்கள் இருந்தன. பைடனை எதிர்த்து நிற்க வலுவான வேட்பாளர் இல்லை. ஆனால் வாக்குச்சீட்டில் 'எவருக்கும் உறுதி தரவில்லை' என்ற கட்டம் இருந்தது. நம்மூர் நோட்டாவைப் போன்றதுதான். ஆனால் போதிய வாக்கு கிடைத்தால் அந்தக் கட்டத்துக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகள் உண்டு. போர் நிறுத்தம் கேட்டவர்கள் அதில் வாக்களிக்கும்படி வீடு வீடாகச் சென்றார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவ அரபியரும், கல்லூரி மாணவர்களும் சேர்ந்தார்கள்.

அவர்கள் வைத்த இலக்கு 10,000 வாக்குகள். 2016-ல் டிரம்ப் மிச்சிகனை வென்ற வித்தியாசம் ஏறத்தாழ அவ்வளவுதான். கிடைத்ததோ ஒரு லட்சத்துக்கும் மேல், சுமார் 13 சதவீதம். டியர்போர்னில் அந்தக் கட்டம் பைடனைவிட அதிக வாக்குகள் பெற்றது. அடுத்த வாரம் மினசோட்டாவில் இது 19 சதவீதத்தை நெருங்கியது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ மிச்சிகன் வாக்களித்திருந்தால் இது உள்ளூர்ச் செய்தியாக முடிந்திருக்கும். முன்வரிசையில் நின்றதால் உலகச் செய்தியானது.

ஆனால் அதன் எல்லையையும் நாம் மறைக்கக் கூடாது. ஜூலையில் பைடன் விலகினார். கமலா ஹாரிஸ் எந்தப் பிரைமரியிலும் நிற்காமல் வேட்பாளரானார். ஆகஸ்ட் மாநாடு, 1968-ஐப் போலவே, சிகாகோவில் நடந்தது. 'உறுதி தராத' பிரதிநிதிகள் சுமார் 30 பேர் உள்ளே இருந்தார்கள். ஒரு ஃபலஸ்தீன அமெரிக்கர் மேடையில் சில நிமிடம் பேச அனுமதி கேட்டார்கள். கட்சி மறுத்தது. அவர்கள் அரங்கின் வெளியே அமர்ந்து இரவைக் கழித்தார்கள்.

நவம்பரில் டிரம்ப் மிச்சிகனைச் சுமார் 80,000 வாக்குகளில் வென்றார். டியர்போர்னிலும் அவரே முதலிடம். இதை வைத்து 'முஸ்லிம்கள்தான் டிரம்பைக் கொண்டுவந்தார்கள்' என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவராது. கடும் போட்டி நிலவிய ஏழு மாகாணங்களையும் அவர் வென்றார். மிச்சிகனை ஹாரிஸ் வென்றிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கைக்கு நவம்பர் வரை கட்சி பதில் தரவில்லை. டியர்போர்னைப் பொறுத்தவரை நாம் காண்பது இதுதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சிறுபான்மைச் சமூகத்தின் பலம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஒன்றுபட்டு நிற்கிறது என்பதிலும் இருக்கிறது. தெற்கு கரோலினாவின் கறுப்பின மக்கள் அதைக் காட்டினார்கள். அவர்களிடம் ஆதரிக்க ஒரு வேட்பாளர் இருந்தார். அதனால் வரிசையையே மாற்ற முடிந்தது. மிச்சிகன் மக்களிடம் மறுப்பு மட்டுமே இருந்தது. மறுப்பு செய்தியாகும், ஆட்சியில் இடம் பெற்றுத் தர அது மட்டும் போதாது. முன்கூட்டியே சரியான வேட்பாளரைக் கண்டு வளர்ப்பதுதான் கடினமான, ஆனால் தேவையான வேலை.

2028 தேர்தலுக்கு எந்த மாகாணம் முதலில் என்ற போட்டி ஜனநாயகக் கட்சிக்குள் மறுபடியும் எழுந்திருக்கிறது. சிறிய செய்தியாக வந்துபோகும் அதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். யார் முதலில் வாக்களிக்கிறார்களோ அவர்களின் கவலைகளே மேடைகளில் முதலில் பேசப்படும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது நவம்பரில் யாருக்கு வாக்கு என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். உங்கள் மாகாணத்தில் பிரைமரி எப்போது, அதற்குக் கட்சியில் பதிவு செய்ய வேண்டுமா, கடைசித் தேதி என்ன என்றும் கேளுங்கள். வாக்கு ஓர் அமானிதம். அதன் எடை கூடுதலாக இருக்கும் நாளில் வீட்டிலிருந்துவிட்டு, எடை குறைந்த நாளில் வருந்துவதால் பயனில்லை.