நாற்காலி குறையட்டும், பிள்ளை குறைய வேண்டாம்

பள்ளி ஆண்டு விழா என்றால் மியூசிக்கல் சேர் இல்லாமல் இருக்காது. பாட்டு நின்றதும் இடம் பிடிக்காத பிள்ளை வெளியே போக வேண்டும். 20 பேருடன் தொடங்கும் ஆட்டம் 2 பேரோடு முடியும்போது, மற்ற 18 பேரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைதான் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வெளியேறும். கனடா நாட்டு உளவியலாளர் டெர்ரி ஓர்லிக், கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றி 1978-இல் வெளியிட்ட நூலில் இந்த ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை மட்டும் எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஆட்டத்திலேயே இருப்பார்கள். மிச்சமிருக்கும் நாற்காலிகளில் அத்தனை பேரும் எப்படியாவது இடம் பெற்றாக வேண்டும். யார் மடியில் யார், யார் யாரைப் பிடித்துக்கொள்வது, ஒற்றைக் காலை மேலே வைத்தால் கணக்கில் சேருமா என்று அப்போதுதான் பேச்சு கிளம்புகிறது. முதல் ஆட்டத்துக்குத் தேவை வேகம். இரண்டாவதற்குத் தேவை யோசனை. தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள் வர வேண்டியது இந்த இரண்டாவது வகை ஆட்டம் என்பதே என் வாதம்.

இதைச் சும்மா ஆசைக்காகச் சொல்லவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைத்தே கராய்கோர்தோபில், 10, 11 வயதுப் பிள்ளைகள் 86 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. 54 பேர் ஒரு கல்வியாண்டு முழுக்க வாரம் 2 மணி நேரம் சேர்ந்து விளையாடினார்கள். 32 பேர் வழக்கம்போல் படித்தார்கள். ஆண்டு முடிவில் டாரன்ஸ் படைப்பாற்றல் தேர்வை வைத்துப் பார்த்தபோது, சொல்லிலும் படத்திலும் புதுமையாக யோசிப்பதில் விளையாடிய குழு முன்னேறியிருந்தது. அந்த முன்னேற்றத்தில் ஆண், பெண் வேறுபாடு தெரியவில்லை. 86 பேர் சின்ன எண்ணிக்கைதான். இதை மட்டும் வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வாரம் 2 மணி நேரம் என்பது எந்தப் பள்ளிக்கும் எட்டாத செலவல்ல.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது உளவியல் துறைக்குள்ளிருந்தே வருகிறது. கூட்டமாக உட்கார்ந்து யோசித்தால் யோசனை பெருகும் என்ற நம்பிக்கையை 1958-இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உடைத்தது. சேர்ந்து யோசித்த 4 பேரைவிட, தனித்தனியாக யோசித்த 4 பேரின் யோசனைகளைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் மனதில் இருந்தது நழுவிவிடுகிறது என்று 1987-இல் டீல், ஸ்ட்ரோபே இருவரும் காரணம் காட்டினார்கள். இது உண்மை. ‘குழுவாகப் பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டால், வாய்த்துடுக்கான ஒரு பிள்ளை பேசும், மற்ற 3 பேர் தலையாட்டுவார்கள். ஆகவே விதியை வேறு மாதிரி அமைக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: 4 பேருக்கு ஒரே தாள், ஆளுக்கு ஒரு நிறக் கிரேயான். முதலில் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் மூலையில் மனம்போன போக்கில் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. எந்தக் கோட்டையும் அழிக்காமல், 4 கோடுகளும் இடம்பெறும்படி ஒரே படம் வரைந்து, அதற்குக் கதையும் சொல்ல வேண்டும். யாரோ இழுத்த கோணல் கோடு யானையின் தும்பிக்கையாகலாம், பூவாளியின் மூக்காகலாம். கதை சொல்பவரைக் கடைசியில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால், ஒருவரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தனியாக யோசிப்பதும் சேர்ந்து கட்டுவதும் இங்கே அடுத்தடுத்து நடக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இது முழுக்கப் புதியதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தரையில் பாயில் உட்கார வைத்துக் கையில் அட்டையைக் கொடுத்தது. பெரிய மாற்றம்தான், ஆனாலும் அட்டைகளை வரிசைப்படுத்திய கற்றல் ஏணிப்படியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில்தான் ஏறியது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடலும் பாடலும் நிறையவே உண்டு. அங்கே அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். வாசிப்புக்கும் கணக்குக்கும் அந்தப் பிரிவினை நியாயமானது. படைப்பு விளையாட்டுக்கு மட்டும் அதைக் கலைத்துவிட வேண்டும் என்பேன். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குக் கதை கட்டவும் தெரியாது என்று யார் சொன்னது? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளில் வயது கலந்த குழு தானாகவே அமைந்துவிடுகிறது; அங்கே இது கூடுதல் சுமையாக இருக்காது.

சத்தம் வரும், பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்பார்கள். வரும்தான். போட்டி நிறைந்த உலகத்துக்குப் பிள்ளையைப் போட்டியால்தானே தயார் செய்ய வேண்டும் என்று பெற்றோர் கேட்பதை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால், யோசிக்கப் பழக்கினால் மதிப்பெண் குறையும் என்ற பயமும் இருக்கிறது. ஆனால் 2022-இல் பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வு முதன்முறையாக 15 வயது மாணவர்களின் படைப்புச் சிந்தனையை அளந்தபோது, 60-க்கு 41 மதிப்பெண்ணுடன் முதலில் நின்றது, தேர்வுக் கெடுபிடிக்குப் பேர்போன சிங்கப்பூர். அதே நாடு கணக்கிலும் வாசிப்பிலும் அறிவியலிலும் முதலிடம். அந்தப் பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. 8 வயதுப் பிள்ளைக்குப் போட்டியைக் கற்றுக்கொடுக்க நாம் மெனக்கெடவும் தேவையில்லை. தெருவும் டியூஷனும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. வாரத்தில் ஒரு நாள் கடைசி இரண்டு பிரிவேளைகளை இதற்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கட்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி உரை நிகழ்த்தாமல், அவர்களையே 4 பேராக உட்கார வைத்து ஆடச் செய்யட்டும். அந்த இரண்டு பிரிவேளைகளுக்கு மட்டும் பதிவேடு, படிவம், செயலியில் பதிவேற்றம் எதையும் கேட்காமல் இருக்கட்டும்.