திரை சொல்லுமுன் நாம் சொல்லுவோம்



அனலைதீவில் கனடாவிலோ ஐரோப்பாவிலோ சொந்தம் இல்லாத வீடு அரிது. அந்தச் சொந்தத்தை இன்று பிடித்து வைத்திருப்பது கைத்தொலைபேசிதான். பேரப்பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் பார்த்துச் சிரிக்கிற அம்மம்மாவிடம் போய் அதை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் தங்களைப் பார்ப்பதும் அதே கண்ணாடியில்தான். ரொறன்ரோ மச்சானின் காரும் சப்பாத்தும் திரையில் வரும். காருக்கு வாங்கிய கடனும், பனிக்குள் அவர் இரவு வேலைக்குப் போவதும் வராது. பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தகப்பனின் வள்ளமும் தோட்டமும் வெட்கமாகத் தெரியத் தொடங்கும்.

திரை ஆசையை மட்டும் ஊட்டுவதில்லை, பகையையும் ஊட்டும். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் முகநூலில் பரவியது. மார்ச்சில் திகனைப் பக்கம் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. அரசாங்கம் முகநூலை ஒரு வாரமளவில் முடக்கியது. 2020 மே மாதத்தில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இப்படியான நேரத்தில் ஒரு பிள்ளை தன் பெயரை மறைக்கும், இன்னொரு பிள்ளை பதிலுக்கு நஞ்சு கக்கும். இரண்டிலும், பிள்ளை யார் என்பதை முடிவு செய்வது எதிராளிதான்.

ஒரு பிள்ளை தீவாள், தமிழ் பேசுகிறவள், மீனவரின் மகள், கணக்கில் கெட்டிக்காரி, தன் மார்க்கத்தையும் பேணுகிறவள். எல்லாம் சேர்ந்ததுதான் அவள். செயலிக்கு அதில் ஒன்று போதும். எது அதிகம் பார்க்க வைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பக் காட்டும். அதன் வியாபாரம் அது.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை. இங்கேயும் தடை வரட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தடை வந்தாலும், நான் யார் என்று பிள்ளை கேட்கும். பதில் எங்களிடம் இருக்க வேண்டும்.

1990இல் தீவகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இந்த இரண்டையும் முகம் தெரியாத ஒருவரின் கோபமான வீடியோவில் கேட்கும் பிள்ளை பகையைப் படிக்கும். பட்டவர்களின் வாயால் கேட்கும் பிள்ளை, ஊரை இழந்த வலி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று படிக்கும்.

ஆகவே தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். அதை அம்மம்மா பக்கம் திருப்பச் சொல்லுவோம். குடிதண்ணீர் எங்கே அள்ளினீர்கள், எந்த வள்ளத்தில் போனீர்கள், யார் சோறு தந்தார்கள் என்று பிள்ளை கேட்கட்டும். பதிவேற்றத் தேவையில்லை. கேட்டு வைத்தாலே போதும்.